வெறுங்கால் பயனாளிகள்

உலகத்துப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அறிவை வளர்த்துக் காலத்தை வீணாக்கிக்கொண்டிருந்தபோது, திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் மலையடிப் பல்கலைக்கழகம் மட்டும் வருமானத்தை வளர்க்கும் தவத்தில் இறங்கியது. ஊழியர் ஒவ்வொருவரும் ஒரு 'வருவாய் யோசனை' தர வேண்டும் என்று பதிவாளர் கண்ணாயிரம் சுற்றறிக்கை விட்டார்.

வேதியியல் விரிவுரையாளர் மதிவதனி அதை இரண்டு முறை படித்தாள். மூன்று வருடமாக அவள் ஒரே ஒரு மனுவைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்: பூட்டிக் கிடக்கும் மாணவியர் கழிப்பறையைத் திறக்க வேண்டும். கீழ்பென்னாத்தூரிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸில் வரும் கவியா போன்ற பெண்கள் வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. போன மாதம் கவியா ஆய்வகத்தில் மயங்கி விழுந்தாள்.

மனு வேலை செய்யும் விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கோப்பு எட்டு மேசைகளை வலம் வரும். மலையைச் சுற்றுகிறவர்கள் எட்டு லிங்கங்களிலும் நின்று கும்பிடுவதுபோல, அது ஒவ்வொரு மேசையிலும் நின்று ஒரு கையெழுத்துப் பெறும். பிறகு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். மதிவதனியின் கோப்பு மூன்று சுற்று வந்து ஏராளமான புண்ணியம் சேர்த்திருந்தது. ஒவ்வொரு முறையும் பிரசாதம், 'நிதி இல்லை'.

செலவு என்றால்தான் கோப்பு சுற்றும், வரவு என்றால் நேராகப் போகும் என்பது அன்று அவளுக்கு விளங்கியது.

யோசனைக் கூட்டம் கூடியது. இயற்பியல் துறை கூழாங்கற்களில் 'மலைச் சக்தி' ஏற்றி வெளிநாட்டினருக்கு விற்க முன்வந்தது. தத்துவத் துறைத் தலைவர் அன்பரசன், மௌனத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம் என்றார்.

"புதுசா எதுவும் வாங்க வேணாம் சார். எங்க துறையில பசங்க சேர்ந்தே மூணு வருஷம் ஆவுது. மௌனம் ரெடியா இருக்கு."

பதிவாளர் நெகிழ்ந்துபோய்க் குறித்துக்கொண்டார்.

மதிவதனி எழுந்தாள். பூட்டிக் கிடக்கும் அதே கழிப்பறை, கிரிவலம் வரும் பெண்களுக்குக் கட்டணக் கழிப்பறையாக; ஆளுக்குப் பத்து ரூபாய், தினமும் திறப்பு. படிவத்தில் 'பயனாளிகள்' என்ற கட்டத்தில் 'பக்தைகள்' என்று பவ்யமாக எழுதியிருந்தாள். கதவு திறந்துவிட்டால் கவியாவும் போய்க்கொள்வாள் என்று நினைத்தாள்.

பத்தே நாளில் டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, ரிப்பன். முதல் நாளே கவியா வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டாள். மதிவதனி காவலாளி காசியம்மாளிடம் போய்க் காரணம் கேட்டாள்.

"துட்டு குடுத்தாலும் மாணவிங்கள வுடக்கூடாதுனு ஆர்டரு மேடம். பயனாளி பக்தைங்க மட்டுந்தானாம். நீங்க எழுதுனதுதானே?"

"யாரு பக்தை, யாரு மாணவினு எப்படிக்கா கண்டுபுடிக்கிறீங்க?"

"கால்ல செருப்பு இருந்தா மாணவி. இல்லாங்காட்டி பக்தை. பதிவாளர் சார்தான் சொல்லிக்குடுத்தாரு." காசியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நெத்தியில விபூதியும் இருந்துச்சுனா எனக்கு வேலை கம்மி."

மறுநாள் இடைவேளை மணி அடித்ததும் வகுப்பு வாசல்களில் செருப்புகள் குவிந்தன. நாற்பது பெண்கள் நெற்றி நிறைய விபூதியோடு, வெறுங்காலில், கையில் பத்து ரூபாயோடு வரிசையில் நின்றார்கள். கவியா ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு முதல் ஆளாக நின்றாள்.

வருடக் கடைசியில் பதிவாளர் பெருமை பொங்க அறிக்கை எழுதினார்:

'திட்டம் மாபெரும் வெற்றி. நாள்தோறும் பக்தைகள் இருநூறு பேர். மாணவியர் ஒருவர்கூட வரவில்லை. அவர்களுக்குக் கழிப்பறை தேவையில்லை என்று மூன்று ஆண்டுகளாக நாம் எடுத்துவந்த முடிவு இதன்மூலம் நிரூபணமாகிறது.'