பூசணம் சாரும் பொட்டு வைத்த விளக்கும்

கெட்டுப்போன இட்லியைப் பார்த்துக் கைதட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் கும்மிடிப்பூண்டி மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் எங்கோ இருந்தது. எங்கள் வாயில் வந்தது ‘பூசணம் சார்’ மட்டும்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் அங்கே செய்முறை அதிகாரி. எந்த வால்வை யார் திறக்க வேண்டும், திறந்ததற்கு யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பூசணம் சாருக்கு மனப்பாடமானவை பூஞ்சைகள். பள்ளிப்பட்டுக்காரர். மனிதர்களை ‘சார்’ என்பார், பூஞ்சைகளை ‘நைனா’ என்பார். இரண்டில் எதன்மேல் அவருக்குப் பாசம் அதிகம் என்று எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் வலது காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு வந்தார்.

“இன்னொண்ணு எங்கே சார்?” என்றேன்.

“ஊட்லதான் இருக்குது. அதுல சிவப்பா ஒரு நைனா வந்து குந்திக்கினு இருக்காரு சார். கால வுட்டா நசுங்கிடுவாரு.”

மேனேஜர் வீட்டு விருந்தில் ஊறுகாய் ஜாடியைத் திறந்தவர், “ஆஹா, பச்சையும் கறுப்பும் சேர்ந்தே வளர்த்திருக்கீங்களே!” என்று மேனேஜரின் மனைவியைக் கைகூப்பி வணங்கினார். அதன்பின் அந்த வீட்டு விருந்துக்கு எங்கள் யாரையுமே கூப்பிடவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது. எங்கள் கிருமிக்கொல்லி மருந்தைச் சுரந்ததே ஒரு பூஞ்சைதான். அது மருந்தோடு ஒரு மஞ்சள் சாயத்தையும் இலவசமாகச் சுரந்து தொலைத்தது. எத்தனை முறை கழுவினாலும் மருந்துப் பொடியில் மஞ்சள் தங்கிவிடும். வாங்குகிறவர்கள் முகம் சுளித்தார்கள்.

மேனேஜர் பூசணம் சாரை அழைத்தார். “தீபாவளிக்குள்ள பொடி வெள்ளையா வரணும். வரலேன்னா உங்க ரூமைக் காலி பண்ணி அட்டைப்பெட்டி அடுக்கிடுவேன். நீங்க அந்தப் பெட்டிங்களைப் பாத்துக்குங்க.”

பூசணம் சார் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். முதன்முறையாக அவர் முகத்தில் களை இல்லை. “பெட்டியாண்ட நான் இன்னா சார் பேசறது?” என்றார்.

மறுநாளே வேலையில் இறங்கினார். என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு என் சுவரில் இருந்த ஃபியூஸ் போர்டைக் காட்டினார். “இந்த மாதிரி நைனா உள்ளேயும் ஒரு போர்டு இருக்குது சார். அப்பன் பாட்டன் வழியா வந்தது. சாயத்துக்கு ஒரு சுவிட்ச், மருந்துக்கு ஒரு சுவிட்ச். ரெண்டுக்கும் மேல ஒரு மெயின். சாய சுவிட்ச் மட்டும் கெட்டுப்போவணும்.”

கெடுப்பதற்கு அவரிடம் இருந்தது ஒரு புறஊதாக் குழல்விளக்கு. பூஞ்சையின் வித்துகளை அதன் கீழே வைத்தால் பெரும்பாலானவை செத்துவிடும். பிழைத்த சிலவற்றில் ஏதாவது ஒரு சுவிட்ச் பழுதாகியிருக்கும். எந்தச் சுவிட்ச் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

முதலில் மஞ்சளே இல்லாத ஒன்று முளைத்தது. கேன்டீனில் கேசரி கிண்டினார்கள். கேசரி தீர்வதற்குள் சோதனை முடிவு வந்தது. அதில் மருந்தும் இல்லை.

“மெயினையே புடுங்கிட்டேன் சார்!” என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. “வெளிச்சம் ஓவரா அடிக்குது. நேரத்தைக் கொறைக்கணும்.”

அங்கேதான் செய்முறை குறுக்கே நின்றது. விளக்கு எரியும் நேரத்தை மாற்றத் தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டும். எழுதிப் போட்டோம். பதில் இல்லை. தலைமை அலுவலகங்கள் பதில் எழுதுவதற்காக ஏற்பட்டவை அல்ல.

இதற்கிடையில் ஆயுத பூஜை வந்தது. துப்புரவு வேலைக்குப் பழவேற்காட்டிலிருந்து வரும் கன்னியம்மா, தொழிற்சாலையில் அசையும் பொருள், அசையாப் பொருள் எதையும் விடாமல் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள்.

விடுமுறை முடிந்து வந்த பூசணம் சார் வழக்கம்போல விளக்கைப் போட்டார். எரியும் விளக்கை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பது செய்முறை. அதை மட்டும் அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். சில நாளில், வித்துகளை வளர வைத்த கண்ணாடித் தட்டுகளைத் திறந்தால், வெறிச்சென்று கிடக்க வேண்டியவை தேர்த் திருவிழாவாக நிரம்பி வழிந்தன. “விளக்கு பூட்ச்சி சார்!” என்று கூவியபடி ஸ்டூலில் ஏறினார். குழல்விளக்கின் நீளத்துக்கும் சந்தனம் அப்பியிருந்தது.

“கன்னிம்மா! இன்னா வேலை இது?”

“இன்னா பூசணம் சார் கத்தற? எங்கூட்ல படகுக்கும் வலைக்கும் வச்சிட்டுத்தான் இங்க வந்தேன். எல்லா லைட்டுக்கும் வச்சிட்டு இத்த மட்டும் வுட்டா, அது இன்னா நெனச்சிக்கும்?”

பூசணம் சார் ஸ்டூலிலேயே நின்றுவிட்டார். முகம் மெல்ல விரிந்தது. சந்தனம் வெளிச்சத்தை மறைத்திருக்கிறது. நேரத்தைத் தொடாமலேயே வெளிச்சம் குறைந்திருக்கிறது! குதித்து இறங்கித் தட்டு தட்டாகத் தேடினார். மஞ்சள் கூட்டத்துக்கு நடுவே, ஓர் ஓரத்தில், சாயமே இல்லாத ஒரு நைனா.

அதன் சாற்றைக் கிருமிகள் படர்ந்த தட்டில் வைத்தோம். மருந்து இருந்தால் அந்த இடத்தில் கிருமி செத்துத் தெளிவான வட்டம் விழும். மறுநாள் மேனேஜரும் வந்து குனிந்து பார்த்தார். வட்டம் சாத்துக்குடி அளவுக்கு விழுந்திருந்தது.

“மெயின் இருக்குது! மருந்து இருக்குது! சாயம் மட்டும் அவுட்டு!” பூசணம் சார் மேனேஜரையே தூக்கிச் சுற்றினார். அதற்கான செய்முறை எதுவும் எங்களிடம் இல்லை.

“இத ஹெட் ஆபீசுக்கு எப்படிய்யா எழுதறது?” என்றார் கீழே இறக்கிவிடப்பட்ட மேனேஜர்.

எழுதுவது என் வேலை. ‘உள்ளூரில் கிடைக்கும் தாவரப் பூச்சு ஒன்றினால் விளக்கின் வீச்சு மட்டுப்படுத்தப்பட்டது’ என்று எழுதினேன். தீபாவளிக்கு முன் வெள்ளைப் பொடி லாரி ஏறியது. அட்டைப்பெட்டிகள் வராந்தாவிலேயே இருந்தன, பூசணம் சார் தம் அறையிலேயே இருந்தார். அதற்குப் பிறகு விளக்குக்குச் சந்தனம் பூசுவது செய்முறையில் ஒரு படியாகச் சேர்ந்தது. கன்னியம்மாவைத் தவிர வேறு யாரும் பூசக் கூடாது, கனம் மாறிவிடும் என்றார் அவர். பொங்கலுக்குத் தலைமை அலுவலகத்தின் பதிலும் வந்தது: நேரத்தைக் குறைக்க அனுமதி இல்லை.

இப்போதும் ஆயுத பூஜையன்று எங்கள் சமையலறைக் குழல்விளக்குக்கு நான்தான் ஸ்டூலில் ஏறிச் சந்தனம் பூசுகிறேன். “உங்களுக்கு ஏது இவ்வளவு பக்தி?” என்று மனைவி கேட்பாள். சாமி விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் குறைவுதான். பூசணம் சார் விஷயத்தில் அப்படியில்லை.