இலைவாரி க்ரூகர்

இலைவாரிகள் என்றொரு இனம் உண்டு. ஒன்பது மாதம் மற்றவர்களைப் போலவே உண்டு, உறங்கி, வரி கட்டி வாழும். அக்டோபரில் முதல் மேப்பிள் இலை புல்லில் விழுந்ததோ இல்லையோ, முகமே மாறிவிடும். இலை மரத்தில் இருந்தால் அழகு, புல்லில் கிடந்தால் மானக்கேடு. எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

விஸ்கான்சினில் எங்கள் தெருவின் தலைசிறந்த இலைவாரி டெல்மர் க்ரூகர், ஓய்வுபெற்ற தபால்காரர். சனிக்கிழமை காலை காப்பி ஆறுவதற்குள் வாருகோலும் கையுமாக இறங்கி, வேலியோரம் தொடங்கி, ஒரு கோடு பிசகாமல் வாரி, குவித்து, தெருவோரம் தள்ளி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, பளிச்சென்ற புல்லைக் கண்குளிரப் பார்ப்பார். காற்று அடிக்கும். மறுபடி முதலிலிருந்து.

இந்தச் சதிக்கெல்லாம் மூலம் பக்கத்து வீட்டு ரூத் பெக்கின் ஓக் மரம் என்பது அவர் முடிவு. மேப்பிள் நாகரிகமாக ஒரே வாரத்தில் உதிர்த்துவிடும். ஓக் அப்படியா? நாளுக்குப் பத்து இலையாக, கருமியைப் போல நவம்பர் முழுக்க விடும். விடுவதெல்லாம் டெல்மர் பக்கம்.

"ரூத்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடப் போறேன்."

"என்னன்னு? மரத்தைக் கண்டிச்சு வைன்னா?" என்றாள் மனைவி லொரெய்ன். "அவ புருஷன் ஹாரல்ட் ஆஸ்பத்திரியில கிடக்கான். வாயை மூடிட்டு இரு, டெல்மர்."

வாயை மூடிக்கொண்டார். கை சும்மா இருக்குமா? இலை அள்ளும் நகராட்சி வண்டி அந்த ஆண்டுக்குக் கடைசியாக வருவது திங்கட்கிழமை. பிறகு விழுவதெல்லாம் வசந்தம்வரை அவர் தலையில்தான். ஆகவே ஞாயிறு காலை, ரூத்தின் கார் வாசலில் இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, நீளக் கழி ஒன்றோடு வேலியைத் தாண்டி, ஓக்கை உலுக்கு உலுக்கென்று உலுக்கினார். முழங்கால் ஆழத்துக்குக் கொட்டியது. அத்தனையையும் வாரி முடிக்க நாலு மணி நேரம் ஆனது.

சர்ச்சிலிருந்து திரும்பியவர்கள் காரை நிறுத்தினார்கள். "பக்கத்து வீட்டுக்காரன்னா உன்னை மாதிரி இருக்கணும்ப்பா!"

டெல்மர் அடக்கமாகத் தலைகுனிந்தார். அங்கேதான் தப்பு பண்ணினார்.

கதவு திறந்தது. ஆப்பிள் கேக்கோடு ரூத் வந்தாள்.

"ஹாரல்ட் வர்றதுக்குள்ள இதை எப்படி வாரப்போறேன்னு அழுதுட்டிருந்தேன்."

டெல்மரின் காது சிவந்தது. "ரூத், நான் வந்து… உனக்காக இல்ல…"

"தெரியும். நீ மரத்தை உலுக்கினப்போ சமையலறை ஜன்னல்லதான் நின்னேன். கார் ஒர்க்‌ஷாப்ல இருக்கு."

"அப்போ இந்தக் கேக்?"

"அவனுக்காகப் பண்ணினேன். சாப்பிடக் கூடாதுன்னுட்டாங்க." குரல் லேசாக உடைந்தது, உடனே சரிசெய்துகொண்டாள். "பின்பக்கம் இன்னொரு ஓக் இருக்கு. தின்னுட்டுக் கழியை எடுத்துட்டு வா, திருட்டுப்பயலே."

பின்பக்க இலை எந்தக் காற்றுக்கும் டெல்மர் வீட்டுக்கு வராது. இருந்தும் இருட்டும்வரை வாரினார். "வாழ்நாள்ல எனக்குப் பிரயோஜனமே இல்லாம வாரின இலை அது ஒண்ணுதான்" என்று இன்றும் தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்வார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் படிக்கும்போது நடுவில் எழுந்துபோய், வாசலில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தீர்களே, அது எதற்காம்?