நீல வெளிச்சத்துக்குப் போன ராணிகள்

வேப்பமரத்தின் வேருக்கடியில் புற்றூர் என்றொரு எறும்பு நாடு இருந்தது. அதன் ராணி இறந்துவிட்டாள். முட்டையிட வேறு யாரும் இல்லை. அவள் விட்டுப்போன நாற்பது முட்டைகளோடு நாட்டின் கதை முடிந்துவிடும்.

சட்டப்படி, மழை பெய்த மாலையில் இறக்கை முளைத்த இளவரசி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். அவள் பறந்து, மணம் முடித்து, திரும்பி வந்து ஆள வேண்டும். மூன்று மழைக்கு மூன்று பேர் போனார்கள். மூவரும் வேலிக்கு அப்பால் தெரிந்த நீல வெளிச்சத்தை நோக்கித்தான் பறந்தார்கள். ஒருத்தியும் திரும்பவில்லை.

அமைச்சர் பெருந்தலை அம்மையார் அறிவித்தார்: "தீர ஆராய்ந்ததில், இளவரசிகளுக்குத் தெம்பு போதவில்லை. இனி குடிகளின் உணவில் பாதி அவர்களுக்கே."

நான்காமவள் கொழுத்துப் பறந்தாள். வரவில்லை.

"வாசல் ஒடுக்கமாக இருப்பதே காரணம். அகலப்படுத்துக."

அகலமான வாசல் வழியே அடுத்த மழை உள்ளே வந்தது. முப்பது முட்டைகள் மிதந்து போயின. அன்றுதான் கடைசி இளவரசி மணிச்சிறகி பறந்தாள். அவளும் திரும்பவில்லை. வெளிச்சத்தைக் குறை சொல்வது தேசத்துரோகம் என்று மூன்றாவது ஆணையும் வந்தது.

முட்டைகளைக் காத்துவந்த செங்காலிக்கு ஒன்றும் புரியவில்லை. மீதிப் பத்தையும் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு, வெளிச்சத்தை நோக்கி நடந்தாள். போய்ச் சேர மறுநாள் மாலை ஆகிவிட்டது.

அங்கே வெள்ளைத் துணியொன்று தொங்கியது. அதன்முன் நீல விளக்கு. பல புற்றுகளிலிருந்தும் பறந்து வந்து துணியில் உட்காரும் ராணிகளை, எறும்பு வளர்க்கும் மனிதர் ஒருவரின் பெரிய கை ஒவ்வொருத்தியாக எடுத்து, கண்ணாடிக் குழாயில் போட்டுப் பஞ்சால் அடைத்தது. ஒரு குழாயில் மணிச்சிறகி இருந்தாள். மணம் முடிந்து உதிர்ந்த இறக்கைகள் காலடியில் கிடந்தன.

"அக்கா, வீட்டுக்கு வாங்க! பத்து முட்டைதான் மிச்சம்."

"சும்மா கத்தாதடி. நான் ஆட்சியில இருக்கேன்."

"யாரை ஆளுறீங்க?"

மணிச்சிறகி குழாயைச் சுற்றிப் பார்த்தாள். "வருவாங்க. தண்ணி இருக்கு, தேன் சொட்டு சொட்டா வருது. பக்கத்துக் குழாய்ல இருக்கவளும் ராணிதான். சண்டையே கிடையாது."

"அப்ப இந்தப் பஞ்சு எதுக்கு?"

"பாதுகாப்புடி. உனக்கெல்லாம் புரியாது."

செங்காலி திரும்பி வந்து அவையில் கையையும் பஞ்சையும் குழாயையும் சொன்னாள். நாட்டுக்கு ராணி இருக்கிறாளா, இல்லையா என்று அவை வெகுநேரம் குழம்பியது. வாக்கெடுத்தார்கள். இரு பக்கமும் சமமாக விழுந்தது.

அமைச்சர் அவையைக் கலைத்தார். பிறகு செங்காலியை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, அங்க காலிக் குழாய் ஏதாவது இருந்துதா? இறக்கை இல்லாதவங்களையும் சேர்த்துக்குவாங்களா?"