ஏசுபாதத்துக்குக் கல்வெட்டு உண்டா?

தன்வரலாறு எழுதுவோரின் நலன் கருதி, 2003ஆம் ஆண்டு செங்கல்பட்டில் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. நூலகத்துக்குப் போகும் தன்வரலாறு எதிலும் ஆதாரமில்லாத செய்தி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது அதன் உயரிய நோக்கம்.

கடப்பாக்கத்து ஜெசிந்தா தன் இளமைக் கதையை எழுதி முதலில் என்னிடம்தான் கொண்டுவந்தார். நான் பத்திரிகைகளில் விமர்சனம் எழுதுகிறவன். கூலி வேலை செய்து அவரைப் படிக்கவைத்த அப்பா ஏசுபாதம்தான் கதை முழுக்க.

"அப்பா பேரு அச்சுல வந்தா போதும் சார். அவருக்குன்னு வேற இன்னா கீது?" என்றார்.

"வெறும் அப்பாவை வைத்து இலக்கியம் ஆகாதம்மா" என்றேன். அப்போதெல்லாம் மேற்கோள் இல்லாத தன்வரலாறு, வீடியோ எடுக்காத கல்யாணம் மாதிரி. பல்லவ மன்னன், சங்கப் பாட்டு, தீபாவளிப் படத்துக் கதாநாயகன் என்று பக்கத்துக்கு நாலு சேர்க்கச் சொன்னேன். பாவம், சேர்த்தார்.

செங்கல்பட்டு அலுவலகத்தில் பரிசீலனை அதிகாரி கோபாலகிருஷ்ணன் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"பக்கம் ஒன்பது. 'மழை வெள்ளத்தில், யானைமேல் போகும் பல்லவ மன்னன்போல், அப்பா தோளில் ஏறிப் பள்ளிக்குப் போனேன்.' மன்னனுக்குக் கல்வெட்டு கீது. யானைக்கு மாமல்லபுரத்துல சிற்பம் கீது. உங்கப்பாவுக்கு?"

"அவரு செத்துட்டாரு சார்."

"மன்னனுந்தான் செத்துட்டாரு. கல்வெட்டு கீதா?"

"கல்லறைல மரச் சிலுவதான் சார் நட்டோம்."

"மரம் செல்லாதும்மா."

ஜெசிந்தா அழுது பார்த்தார். மனு மேல் மனு போட்டுப் பார்த்தார். அனுமதிக்கப்பட்ட பிரதிதான் அச்சேறியது. அதில் மன்னரும் யானையும் கதாநாயகனும் பத்திரமாக இருந்தார்கள். ஒன்பதாம் பக்கத்தில் பல்லவ மன்னரே வெள்ளத்தில் பள்ளிக்குப் போனார். ஏசுபாதம் எங்குமே இல்லை.

'ஒரு தந்தையின் அன்பு பக்கந்தோறும் கசிகிறது' என்று நான் விமர்சனம் எழுதினேன். படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுததாக வாசகர்கள் கடிதம் போட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா புத்தகத்தோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"எந்தப் பக்கத்துல சார் எங்கப்பாவப் பாத்தீங்க?"

அச்சான புத்தகத்தில் நான் அதுவரை அட்டையைத் தாண்டியதே இல்லை. ஆனால் விமர்சகனுக்கும் ஒரு கௌரவம் உண்டல்லவா? தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அப்பா இதுல இல்லைங்கிறதுக்கு ஏதாவது ஆதாரம் வெச்சிருக்கீங்களாம்மா?"