தள்ளினால் கிளம்பாத வண்டி

பொய் சொன்னால்தான் தப்பு, வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பில்லை என்று நினைத்த வயது ஒன்று எனக்கு இருந்தது. அந்த வயதில், எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வீட்டாரை உச்சி வெயிலில், வெறும் வயிற்றோடு, வண்டி தள்ள வைத்தேன். தள்ளினால் அது கிளம்பாது என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. நாமக்கல் பக்கத்தில் எங்கள் கோழிப்பண்ணைக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. ராணுவத்தில் கழித்துவிட்டதை அப்பா ஏலத்தில் எடுத்திருந்தார். இரும்பை வஞ்சனை இல்லாமல் போட்டுச் செய்த வண்டி. வருஷக்கணக்கில் தீவன மூட்டை சுமந்தும் ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. அதுதான் என் கண்ணை உறுத்தியது. நான் தபால் வழியில் மோட்டார் படித்தவன் (மூன்று பாடம் வந்தது, அதற்குமேல் நான் பணம் கட்டவில்லை).

மெட்ராஸில் பழைய இரும்புக் கடை ஒன்றில், ஏதோ வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றிய ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பார்த்தேன். கிளச் கிடையாது, கியர் தானாக மாறும். மேலே ஓவர்டிரைவ் என்று ஒன்று. அது விழுந்தால் இஞ்சின் நிதானமாகச் சுற்றும், வண்டி மட்டும் பறக்கும், பெட்ரோல் மிச்சமாகும். வாங்காமல் எப்படி வருவது? கடைக்காரர் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார்: "பேட்டரி நல்லதா வச்சுக்க சார். இத்த தள்ளி எல்லாம் ஸ்டார்ட் பண்ண முடியாது."

லாரிப் பட்டறை ஆறுமுகம் மேஸ்திரியும் நானும் பதினெட்டு நாள் அந்த வண்டிக்கு அடியிலேயே குடியிருந்தோம். இஞ்சினும் கியர் பாக்ஸும் மாமியார் மருமகள் போல ஒன்றோடொன்று சேரவில்லை. லேத்தில் ஒரு தட்டுக் கடைந்து நடுவில் வைத்துச் சமாதானம் செய்தோம். கடைசியில் ஒரு கேபிள் மிஞ்சியது. எங்கே மாட்டுவதென்று தெரியாததால் சுருட்டிக் கட்டி வைத்தோம். கியர் கம்பியும் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. எல்லா இடத்துக்கும் எட்டியது, வண்டியைப் பூட்டி நிறுத்தும் 'பார்க்' என்ற இடத்துக்கு மட்டும் எட்டவில்லை.

"ஏனுங்க மேஸ்திரி, அது வேண்டாமுங்களா?"

"வண்டி ஓடறதுக்குத்தானுங்க தம்பி செய்யறோம். நிக்கறதுக்கு எதுக்குங்க அது?"

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பழைய பேட்டரி வீக் என்று தெரிந்தும், புது பேட்டரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்ததும் நான்தான். மறுநாள் காலை மேஸ்திரி பட்டறை பேட்டரியை இணைத்துக் கிளப்பிவிட்டு அதைக் கழற்றிக்கொள்ள, ராசிபுரம் பக்கம் பெண் பார்க்கக் கிளம்பினோம். முன்னால் அப்பாவும் அம்மாவும், பின்னால் பெரியப்பாவும் சொந்தபந்தமும். ஓவர்டிரைவ் விழும் வேகத்தை வண்டி தொடவே இல்லை. "மெல்லப் போ, மெல்லப் போ" என்று பெரியப்பா வழியெல்லாம் கூரையைத் தட்டிக்கொண்டே வந்தார்.

பெண்ணின் அப்பா ஜவ்வரிசி மில் வைத்திருந்தார். வீடு மேட்டில். கீழே ஜவ்வரிசி காயும் சிமெண்டுக் களம், அதை ஒட்டி மரவள்ளி மாவு தெளியும் தொட்டி. பேட்டரி வீக்கான வண்டியை எங்கள் ஊரில் யாரும் சமதளத்தில் நிறுத்துவதில்லை. சரிவு பார்த்து, கியரில் போட்டு நிறுத்துவோம். கியரே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், போகும்போது உருட்டிக் கிளப்பலாம். (ஹேண்ட் பிரேக் எங்களுக்கு ஒரு அலங்காரம்.) கைப்பழக்கத்தில் அப்படியே செய்துவிட்டு இறங்கினேன். இஞ்சினை அணைத்துவிட்டால் ஆட்டோமேட்டிக் கியர் எதையும் பிடிக்காது என்ற பாடம் எனக்கு வந்த மூன்றில் இல்லை.

உள்ளே காபி வந்தது. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்கக் கூடாது என்பதால் காபியோடு சரி. சமையற்கட்டிலிருந்து வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. "வண்டிக்குக் கியர் பாக்ஸ் நானே மாத்துனனுங்க" என்று நான் பெருமையாக ஆரம்பித்தபோது, இன்னும் வண்டியின் பின்னாலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியப்பா குதித்து இறங்கியிருக்கிறார். அதுவரை ஏதோ தயவில் நின்றிருந்த வண்டிக்கு அந்த ஆட்டம் போதுமானதாக இருந்தது.

பெண்ணின் அப்பா வாசலைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, வண்டிய யாரு எடுத்துட்டுப் போறாங்க?"

நானும் பார்த்தேன். "யாரும் இல்லீங்க."

வண்டி சாவகாசமாகக் களத்தில் இறங்கி, காய்ந்துகொண்டிருந்த ஜவ்வரிசி மேல் இரண்டு கோடு போட்டுக்கொண்டு போய், முன்சக்கரம் இரண்டையும் மாவுத் தொட்டியில் வைத்தது.

மில் டிராக்டர் இழுத்து வெளியே விட்டது. சாவியைத் திருகினேன். 'டுக்' என்றது, அவ்வளவுதான். "தள்ளுனா கிளம்பீட்டுப் போகுதுங்க" என்றார் பெண்ணின் அப்பா. அங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பேசாமல் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். இரு வீட்டு ஆண்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தைச் சுற்றித் தள்ளினார்கள். இரண்டாம் சுற்றில் பெண்ணின் அப்பாவே தோள் கொடுத்தார். இரண்டு சுற்றுத் தள்ளிய பிறகு உண்மையைச் சொன்னால் பெண் கொடுப்பார்களா? மூன்றாம் சுற்று முடியட்டும் என்று நினைத்தேன். மூன்று முடிந்ததும் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் மரகதம், நான் பார்க்க வந்த பெண், தள்ளுகிறவர்களுக்குத் தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். மில் டிராக்டரை ஓட்டிப் பழகியவள். என்னிடம் சொம்பை நீட்டியவள் என் காலடியைப் பார்த்தாள்.

"கிளச்சு எங்கீங்க?"

"இல்லீங்க."

"அப்பறம் தள்ளுனா எப்படீங்க ஸ்டார்ட் ஆவும்?"

"ஆவாதுங்க."

"அது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. "தெரியுமுங்க" என்றேன்.

சம்பந்தம் போச்சு என்று முடிவு செய்துவிட்டேன். அவள் நேராக அப்பாவிடம் போனாள். "தள்ளுனது போதுமுங்கப்பா. பசியில எல்லாரும் நிக்க முடியாம நிக்கறாங்க. சோறு போட்டுட்டு, டிராக்டர் பேட்டரியக் கழட்டி மாட்டிப் பாருங்க."

"சம்மதம்னு பேசாம அவங்க எப்படிச் சாமி கை நனைப்பாங்க?"

"அப்பச் சம்மதம்னு சொல்லீருங்க."

இப்படியாக எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. கியர் பாக்ஸ் அடுத்த மாதமே கருகிச் செத்தது (மிஞ்சிய கேபிளின் வேலை என்று பிறகு தெரிந்தது). ரகசியத்தை மரகதம் ஏழு வருஷம் காப்பாற்றினாள். எங்கள் மகளின் காதுகுத்து விருந்தில், தள்ளிய அத்தனை பேரும் பந்தியில் இருந்த நேரமாகப் பார்த்துப் போட்டு உடைத்தாள். மாமனார் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மூணாவது சுத்துலயாவது சொல்லியிருக்கலாமுங்க மாப்ள" என்றார்.

அன்றிலிருந்து, மாமனார் வீட்டிலிருந்து நான் எந்த வண்டியை எடுத்தாலும், அன்று தள்ளியவர்களில் ஒருவரான மச்சான் துரைசாமி பின்னால் போய் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்கிறார். புது கார் என்றாலும் விடுவதில்லை. இப்போது அவர் மகனும் பேரனும்கூட வரிசையாக நிற்கிறார்கள். இஞ்சின் சத்தம் கேட்கும்வரை ஒருவரும் கையை எடுப்பதில்லை. முன்சீட்டில் மரகதம் என் பக்கம் திரும்பி, சிரிக்காமல் கேட்பாள்: "இன்னொரு சுத்து தள்ளச் சொல்லட்டுங்களா?"