துணைக்காலின் கம்பீரம்

ஒரு குடிநீர் வாரியத்தின் தரம் அது வழங்கும் தண்ணீரில் இல்லை. அதன் அறிவிப்புகளின் எழுத்துருவில் இருக்கிறது. இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவர் எங்கள் தலைமைப் பொறியாளர்.

ஏதோ ஒரு சென்ட் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வந்தவர், நம் நோட்டீசுகளில் 'கண்ணியம்' போதவில்லை என்று வருத்தப்பட்டார். அந்த நிமிடமே 'எழுத்துப் பொலிவுக் குழு' பிறந்தது. செயலாளர் அடியேன்.

அந்தப் பலகையின் ஆங்கில எழுத்துருவின் அழகை என்னவென்று சொல்வது! ஒவ்வொரு கோடும் இடுப்பில் ஒடுங்கி, முனையில் பாவாடை போல மெல்ல விரியும். கல்லறையிலும் பவுடர் டப்பாவிலும் ஒரே மரியாதையோடு உட்காரும். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்த வடிவமைப்பாளருக்குத் துணைக்காலின் தலைச்சுழி மட்டும் பிடிக்கவில்லை. சீவி எறிந்துவிட்டு, காலை நேராக நிமிர்த்தினார். பாதத்தைத் தாராளமாக விரித்தார். குழு கைதட்டியது, அதிகம் தட்டியவன் நான்.

அந்த வாரமே பெரிய குழாயில் சாக்கடை கலந்தது. தட்டச்சர் பழைய எழுத்திலேயே ஓர் எச்சரிக்கையை அடித்து நீட்டினார். தலைமைப் பொறியாளர் அதைத் தொடக்கூட இல்லை.

"சாக்கடை கலந்திருக்குன்னு சொல்றதுலயாவது ஒரு கௌரவம் வேண்டாமா?" என்று கேட்டார்.

குழு கூடியது, விவாதித்தது, வரிகளின் இடைவெளியை அளந்தது. மறுநாள் தெருவெங்கும் ஒட்டினோம்: 'இந்த நீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.'

துணைக்காலின் விரிந்த பாதம் 'ட'வின் அடிக்கோட்டைப் போய்த் தொட்டுவிட்டது. சின்ன விஷயம்தான். நாங்கள் வைத்த 'டா', சுவரில் 'டு' ஆகி நின்றது. காய்ச்சாமல் குடிக்க வேண்டும் என்று ஊரே படித்தது.

வாந்தி, பேதி என்று ஆஸ்பத்திரி நிரம்பியது. குழு மீண்டும் கூடி, பொதுமக்களிடம் 'அவசர வாசிப்பு' என்னும் கெட்ட பழக்கம் பரவியிருப்பதாகத் தீர்மானம் போட்டது. வாசகம் என்னுடையது. பிரமாதமாக வந்திருந்தது. அதற்கு எல்லோரும் கைகொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் மனைவி போன் செய்தாள்.

ஓடினேன். என் மகள் உதடு வெடித்து, கண் திறக்காமல் கிடந்தாள். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பயத்தில் மனைவிமேல் எரிந்து விழுந்தேன்.

"தினமும் காய்ச்சித்தானே குடுப்ப? இப்ப என்ன வந்துச்சு உனக்கு?"

"அடுப்புல வச்சிருந்தேங்க. உங்க ஆபீஸ் நோட்டீசைப் பார்த்துட்டு இறக்கிட்டேன். காய்ச்சினா சத்து போயிடும் போலன்னு நினைச்சேன்."

எந்த ஆபீசிலாவது அப்படிப் போடுவார்களா என்று டாக்டர் நம்ப மறுத்தார். அவள் செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். அவர் ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுமுறையும் படித்தார். படித்தவருக்கும் 'வேண்டும்' என்றுதான் வந்தது. பிறகு கீழே இருந்த செயலாளரின் பெயரைச் சத்தமாகப் படித்து, "யாருங்க இந்த ஆளு?" என்றார்.

என் பெயரில் 'டா' கிடையாது. அந்த நோட்டீசிலேயே பிழையில்லாமல் படிக்க முடிந்தது அது ஒன்றுதான்.