கைராசிக்கு வாரிசு

சேசு மரி சூசை துணை

கல்மண்டபம், ராயபுரம்
12-8-1953, புதன்

ஜோலார்பேட்டை ஜங்ஷனில் பச்சைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் காட்டியே ரயில்களை மிரட்டி வைத்திருக்கும் கார்டு அருள்பிரகாசம் மாமா அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மருமகன் பெலிக்ஸ் மிகுந்த பணிவோடு (மை பாட்டில் கவிழ்ந்ததால் முழந்தாளிட்டுத் தரையைத் துடைத்தபடி) எழுதிக்கொள்வது. இவ்விடம் கோழி உட்பட எல்லோரும் சுகம். அவ்விடத்துச் சுகத்தைத் தாங்களும் அத்தையும் ஆசை தீர அனுபவித்துவிட்டு, மிச்சமிருந்தால் ஒரு கார்டில் எழுதிப் போடவும்.

முதலில் ராயபுரமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த செய்தி. நேற்று மாலை நாலு மணி பத்து நிமிஷத்துக்கு நம் வீட்டுச் சாம்பல் கோழிக்கு, என் நேரடி மேற்பார்வையில், பதினொரு குஞ்சுகள் பொரிந்தன. தாயும் சேய்களும் நலம். மேட்ரன் இல்லை, வெந்நீர் இல்லை, பக்கத்தில் நின்று அதட்ட வெள்ளைத் தொப்பி போட்ட ஆளும் இல்லை. பிரசவம் பார்ப்பது எவ்வளவு லேசான காரியம் என்பதை இதிலிருந்தே தாங்கள் அறிந்துகொள்ளலாம்.

இரண்டாவது செய்தி அற்பமானது. பிரசவ வார்டில் ஆறு வருஷமாக நர்சு வேலை பார்க்கும் நம் பிலோமி அக்காவுக்கு அந்த லேசான காரியம் சலித்துவிட்டதாம். ஆபரேஷன் தியேட்டருக்கு மாறப் போகிறாளாம். அதற்கு ஆறு மாதப் பயிற்சி, எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் ஓட வேண்டியிருப்பதால் நர்சுகள் குவார்ட்டர்ஸிலேயே வாசம், கல்யாணமாகாத பெண் என்பதால் தகப்பனாரின் கையெழுத்து. காகிதம் வருகிற திங்கட்கிழமைக்குள் மேட்ரன் மேஜைக்குப் போகாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். போகட்டுமே என்பது என் அபிப்பிராயம். வெங்காயம் நறுக்கும்போதே கண்ணீர் விடுகிறவள், மனுஷனை நறுக்கும் இடத்தில் போய் என்ன செய்யப் போகிறாள்?

காரணம் கேட்டதற்கு ஒரு கதை சொன்னாள் மாமா, சோறு இறங்கவில்லை. கதை கேட்டதால் அல்ல, அவள் கதை சொல்லி முடிக்கும்வரை அம்மா குழம்பு ஊற்றாததால். "போன மாசம் ஒருத்திய தியேட்டர் வாசல் வரிக்கும் தள்ளிக்கினு போனேம்பா. வளையலக் கழட்டி என் கையில குடுத்துட்டு, 'நீயும் உள்ள வா சிஸ்டர்'ன்னா. எனக்கு உள்ள வேல இல்ல. கதவ மூடிட்டாங்க. அப்புறம் அந்த வளையல அவ அம்மா கையில குடுத்தேன்" என்றாள். இதெல்லாம் ஒரு காரணமா? வளையல் வைக்க ஒரு தகர டப்பா வாங்கினால் தீர்ந்தது விஷயம்.

அப்பாவோ காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "குவார்ட்டர்ஸ்ல தங்கறதா? இன்னாத்துக்கு? நம்ம வூட்டுக்குக் கூரை இல்லியா? குடும்ப மானம் இன்னா ஆவறது?" என்று கர்ஜித்தார். துறைமுகத்தில் பத்து டன் மூட்டைகளை விஞ்சு எந்திரத்தில் தூக்கி இறக்குகிறவருக்கு ஒரு பேனாவைத் தூக்க முடியவில்லை. குடும்ப மானத்தின் உண்மைப் பெயர் மீன் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அக்கா கைபட்டுப் பிறந்த பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்ததும், அந்த வீட்டுக் கட்டுமரத்தில் விழும் முதல் நல்ல மீன் நம் வாசலுக்கு வருவது குப்பத்து வழக்கம். பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வரும். நம் பக்கத்தில் மட்டும் எண்பது பிள்ளைகளுக்குக் குறையாது. அத்தனை வஞ்சிரமும் வவ்வாலும் அப்பாவின் கண்முன்னே நீந்தி மறைந்ததை நான் பார்த்தேன்.

அப்பா பரவாயில்லை. மீன்காரி கோவிந்தம்மா, அவள் மருமகள் புஷ்பவல்லிக்கு இது பேறுகால மாதம் என்பதால், கூடையோடு வந்து அப்பாவுக்கு எதிரே நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னா ஜேக்கப்பு, கேக்கறது நெசமா? அது கைராசிக் கைய்யா! அத்தக் கொண்டுபோயி கத்தி கழுவ வுடுவியா? என் பேரப்புள்ளய யாரு புடிப்பா?" என்று ஒரே ஒப்பாரி. பிள்ளை இன்னும் பிறக்கவே இல்லை, பிடிக்க ஆள் இல்லையென்று அழுகை! அக்கா எவ்வளவோ சொன்னாள், "ஆயா, கையில ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல, சுத்தமா சோப்புப் போட்டுக் கழுவறேன், அவ்ளோதான்" என்று. சோப்பை நம்புகிற ஜனமா இது?

இந்த மூடர்களைக் கரையேற்ற நானே முன்வந்தேன். மறுநாள் கல்மண்டபம் மார்க்கெட்டில் கோவிந்தம்மாவைத் தனியே அழைத்து, "ஆயா, விசனப்படாத. ஆறு வருஷமா அக்கா பையைத் தூக்கிக்கினு போறவன் நான். கைராசி பாதி அந்தப் பையோட பிடி வழியா எனக்கு எறங்கிடுச்சி" என்றேன். "அப்டியா கண்ணு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்று மாலையே என் பெயருக்குத் தனியாக ஒரு வவ்வால் மீன் வந்தது. வாரிசு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வாரிசுக்கு வேலை வந்தது. வீட்டில் எல்லோரும் பூசைக்குப் போயிருந்தார்கள். எனக்கு மட்டும் வயிற்றுவலி. பூசை மணி அடித்தால் வரும், முடிந்தால் போய்விடும். "எந்திரி கைராசி! புஷ்பாவுக்கு வலி எடுத்துக்கினு கீது!" என்று கோவிந்தம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் சிறிதும் கலங்காமல் கூட்டத்தை விலக்கினேன், வெந்நீர் வைக்கச் சொன்னேன், சகலத்தையும் ஒழுங்குபடுத்தினேன். அரைமணி கழித்து அக்கா வந்து பாக்கியிருந்த சில்லறை வேலையைப் பார்த்துக்கொண்டாள். பிள்ளை கால் பக்கமாக வருகிறதாம். உடனே ரிக்‌ஷா, ஆஸ்பத்திரி, ஆபரேஷன், ஆண் குழந்தை. தாயும் சேயும், கோழியைப் போலவே, நலம்.

ஆக மாமா, குடும்பத்தில் ரத்தத்தைக் கண்டு அஞ்சாத ஒரே ஆள் நான்தான் என்பது ஊரறிந்த விஷயமாகிவிட்டது. அக்காவோ அன்றைக்கும் தியேட்டர் கதவுக்கு வெளியே, கையில் புஷ்பவல்லியின் கண்ணாடி வளையலோடு, கம்பம் மாதிரி நின்றாள். இப்படிப்பட்டவளுக்கு அந்தக் கதவு எதற்கு? "மச்சான் ஒரு வார்த்தை எழுதட்டும், அப்படியே செய்றேன்" என்று அப்பா பந்தைத் தங்கள் பக்கம் உதைத்துவிட்டார். ஆகவே தாங்கள் தயவுசெய்து "கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதி, இருமுறை அடிக்கோடிட்டு, உடனே தபாலில் சேர்க்கவும்.

அத்தைக்கு என் ஸ்தோத்திரமும், சின்னவன் கன்னத்தில் ஒரு கிள்ளும். தங்கள் ரயில்கள் எல்லாம் தண்டவாளத்திலேயே ஓட நம் அந்தோணியார் காவல் இருப்பாராக.

இப்படிக்கு,
அஞ்சா நெஞ்சன்
ஜே. பெலிக்ஸ், நான்காவது பாரம்

பி.கு.: மாமா, உறையை ஒட்டப் போகும்போது அக்கா டியூட்டிக்குக் கிளம்பி வந்து, என் தலைக்கட்டை அவிழ்த்து மருந்து வைத்து மறுபடி கட்டினாள். தலைக்கட்டைப் பற்றி மேலே எழுத மறந்துவிட்டேன். "மாமாவுக்கா எழுதற? என்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதுடா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து பசை ஒட்டமாட்டேன் என்கிறது.

நடந்தது இதுதான். கோவிந்தம்மா என்னிடம் கேட்டது வாசல் நிலையைத் தொட்டுக்கொண்டு நிற்பது மட்டுமே. நின்றேன். உள்ளேயிருந்து புஷ்பவல்லி ஒரு சத்தம் போட்டாள். அடுத்தபடி எனக்குத் தெரிந்தது அம்மிக்கல், மிகவும் கிட்டத்தில். அதற்குமுன் அரைமணி நேரம், கைராசிதான் வந்துவிட்டதே என்று, கோயிலுக்கு ஆள் அனுப்பாமலே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மயங்கி விழுந்த பிறகுதான் ஆள் ஓடியது. அந்த அரைமணி என்னால் போனது. அக்கா ஓடிவந்து பார்த்து, என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தியேட்டர் வாசலில் அவள் கம்பம் மாதிரி நிற்கவில்லை மாமா. ஒரு கையில் அந்த வளையல், இன்னொரு கையால் என் நெற்றியில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். ஒரு மணி நேரம். வளையல்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுவென்றன. என் தலையில் இருந்த கை மட்டும் அசையவே இல்லை. "நான் உள்ள இருந்திருக்கணும்டா" என்றாள், அவ்வளவுதான். பிள்ளை அழுத சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூன்று தையல் போட்டாள். அப்போது கூச்சலிட்டு ஆஸ்பத்திரியைக் கூட்டியவன் அஞ்சா நெஞ்சன்.

கோவிந்தம்மாவே மாறிவிட்டாள். "கதவுக்கு உள்ள நம்ம பிலோமி இருந்திருந்தா நான் இன்னாத்துக்குப் பேஜாராவப் போறேன்? போவட்டும் வுடு ஜேக்கப்பு, மீனு வர்ற மாதிரி வரும்" என்றாள். எனவே அப்பாவிடம் இப்போது குடும்ப மானமும் தீர்ந்துபோய், தங்கள் கடிதம் மட்டுமே பாக்கி.

குஞ்சுகள் ஏழுதான். மற்ற நான்கும் என் மேற்பார்வையில் உடைந்தவை.

ஆகவே "கூடாது" என்பதை அடித்துவிட்டு "சரி" என்று எழுதவும். நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் வெங்காயமும் இல்லை, மீனும் இல்லை. நான் செய்யும் குறும்புக்கு இந்த வீட்டில் சிரிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். திங்கட்கிழமைக்குள் வந்து சேரும்படி எழுதுங்கள் மாமா. தாமதித்தால் மறுபடி ஒரு பின்குறிப்பு எழுதிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.